கஞ்சாவுக்கு எந்த மண்டலம்?

கலிஃபோர்னியாவில் கஞ்சா வியாபாரம் இப்போது சட்டப்படி சரி. ஆனால் கடையை எந்தத் தெருவில் வைக்கலாம், வைக்கவே கூடாதா என்று முடிவு செய்வது உள்ளாட்சிகளின் கையில் இருக்கிறது. அந்த அதிகாரம் என்னென்ன செய்திருக்கிறது?

சான்டா பார்பராவிலிருந்து கடலோர நெடுஞ்சாலையில் இருபது கிலோமீட்டர் வந்தால் கார்ப்பின்டீரியா. சுமார் பதின்மூன்றாயிரம் பேர் வாழும் சிற்றூர். ஒரு பக்கம் பசிபிக் கடல், இன்னொரு பக்கம் மலை. ஊருக்கும் மலைக்கும் நடுவே ஏக்கர் கணக்கில் கண்ணாடிக் கூரைகள். பல பத்தாண்டுகளாக அந்தக் கூரைகளுக்குக் கீழே வளர்ந்தவை ஜெர்பெராவும் ரோஜாவும். டச்சு வம்சாவளிக் குடும்பங்கள் கொண்டுவந்த தொழில்.

1991-ல் வாஷிங்டனில் ஒரு சட்டம் போட்டார்கள். கொலம்பியா, ஈக்வடார் போன்ற ஆண்டிஸ் மலை நாடுகளின் விவசாயிகள் கோகா செடியை விட்டுவிட்டு வேறு பயிருக்கு மாற வேண்டும். அதற்கு ஊக்கமாக அவர்கள் அனுப்பும் பூவுக்கு இறக்குமதி வரி கிடையாது. போதைப்பொருளை ஒழிக்கப் போட்ட அந்தச் சட்டத்தில் கலிஃபோர்னியாவின் பூ வியாபாரம் படுத்துவிட்டது. பொகோட்டாவிலிருந்து விமானத்தில் வந்து இறங்கும் ரோஜாவின் விலைக்கு உள்ளூர் ரோஜாவை விற்றுக் கட்டுப்படியாகவில்லை. நொடித்துப்போன கண்ணாடிக் குடில்களுக்குள் பிறகு புகுந்த பயிர் கஞ்சா.

பூக்கும் பருவத்தில் கஞ்சாச் செடிக்கு ஒரு வீச்சம் உண்டு. செத்த ஸ்கங்க் (துர்நாற்றம் பீய்ச்சும் சிறு விலங்கு) போல நாறுகிறது என்பது அமெரிக்கர்கள் வழக்கமாகச் சொல்லும் புகார். கார்ப்பின்டீரியா உயர்நிலைப் பள்ளி அந்தக் குடில்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. புகார்கள் குவிந்தன. குடில்காரர்கள் கூரையோரமாகத் துளை போட்ட குழாய்களை ஓட்டி, தாவர எண்ணெய் கலந்த ஆவியைப் பரப்பி வீச்சத்தை அடக்கப் பார்த்தார்கள். அப்போது இன்னொரு புகார் கிளம்பியது: ஊரெல்லாம் சலவை சோப்பு மணக்கிறது.

இதில் ஊர்க்காரர்களை அதிகம் வெறுப்பேற்றியது நாற்றத்தைவிட நிர்வாக எல்லைக் கோடுதான். குடில்கள் நிற்கும் நிலம் கார்ப்பின்டீரியா நகர எல்லைக்கு வெளியே இருக்கிறது. அது சான்டா பார்பரா கவுண்டியின் அதிகாரத்துக்கு உட்பட்டது. கவுண்டி என்பது ஏறக்குறைய நம் மாவட்டம் போன்ற அமைப்பு, தேர்ந்தெடுக்கப்பட்ட ஐந்து மேற்பார்வையாளர்கள் ஆள்வது. நாற்றம் நகரத்துக்கு, முடிவு கவுண்டிக்கு. நகர மன்றம் செய்ய முடிந்தது கடிதம் எழுதுவதும் கூட்டத்துக்குப் போய்ப் பேசுவதும்தான். ‘உள்ளூர் அதிகாரம்’ என்று எல்லோரும் மரியாதையோடு சொல்கிறார்களே, எந்த உள்ளூர் என்று முதலில் கேட்க வேண்டும்.

கவுண்டி ஆரம்பத்தில் கதவை அகலத் திறந்துவிட்டது. 2016 ஜனவரிக்கு முன்பே மருத்துவக் கஞ்சா வளர்த்துவந்தோம் என்று உறுதிமொழிப் பத்திரத்தில் ஒரு கையெழுத்துப் போட்டால் தொடர்ந்து வளர்க்கலாம். உண்மையில் வளர்த்தார்களா, எத்தனை சதுர அடியில் என்று யாரும் போய்ப் பார்க்கவில்லை. 2019-ல் மாநிலத்திலேயே அதிகமான சாகுபடி உரிமங்கள் இந்தக் கவுண்டியில்தான் இருந்தன. 2020-ல் கவுண்டியின் கிராண்ட் ஜூரி என்ற குடிமக்கள் விசாரணைக் குழு தன் அறிக்கையில் நிர்வாகத்தைக் கடுமையாகச் சாடியது. அதற்கு முன்பே உச்சவரம்பு வந்திருந்தது: கார்ப்பின்டீரியா பகுதியில் 186 ஏக்கர், கவுண்டியின் மற்ற பகுதிகளில் 1,575 ஏக்கர். காற்றைக் கரியில் வடிகட்டி வெளியே விடும் கருவிகளைக் குடில்களுக்குக் கட்டாயமாக்க 2025 வரை ஆனது.

பக்கத்தில் அவகாடோ தோப்பு வைத்திருந்தவர்களின் சங்கடம் வேறு வகை. கலிஃபோர்னியாவில் சோதனைக்கூடத்தில் தேறாமல் கஞ்சா கடைக்குப் போக முடியாது. சில பூச்சிமருந்துகளின் எச்சம் இம்மி இருந்தாலும் அந்தச் சரக்கு முழுவதும் குப்பைக்கு. அவகாடோவுக்கு அடிக்கும் மருந்து காற்றில் பறந்து கஞ்சாவில் படிந்தால் லட்சக்கணக்கான டாலர் நஷ்ட ஈடு கேட்டு வழக்கு வரும் என்று பயந்து, மருந்தடிக்கும் கம்பெனிகள் தோப்புகளுக்கு வர மறுத்தன. தலைமுறைகளாகச் செய்துவந்த விவசாயத்தைப் புதிதாக வந்த பயிர் முடக்கிவிட்டது. இரண்டுமே விவசாய மண்டலத்துக்குள் நடக்கும் விவசாயம்தான். வரைபடத்தில் இரண்டுக்கும் ஒரே நிறம்.

வாக்குச் சீட்டும் வரைபடமும்

கலிஃபோர்னியா 1996-ல் மக்கள் வாக்கெடுப்புக்கு வந்த 215-ஆம் முன்மொழிவு மூலம் மருத்துவக் கஞ்சாவை அனுமதித்தது. அமெரிக்காவில் அதற்குத்தான் முதலிடம். 2016 நவம்பரில் 64-ஆம் முன்மொழிவு 57 சதவீத வாக்கோடு வென்று, இருபத்தொரு வயது நிரம்பிய எவரும் வாங்கலாம் என்றானது. 2018 ஜனவரி 1-ல் சில்லறை விற்பனை தொடங்கியது. வெளியூர்ப் பத்திரிகைகளில் வரும் கதை பெரும்பாலும் இத்தோடு முடிந்துவிடும்.

ஆனால் 64-ஆம் முன்மொழிவுக்குள்ளேயே ஒரு பிரிவு இருந்தது. எந்த நகரமும் கவுண்டியும் தன் எல்லைக்குள் கஞ்சாத் தொழிலைக் கட்டுப்படுத்தலாம், விரும்பினால் அடியோடு தடுக்கலாம். தனிமனிதர் வீட்டுக்குள் ஆறு செடி வளர்ப்பதை மட்டும் தடுக்க முடியாது. என் கணிப்பில், இந்தப் பிரிவு இல்லாவிட்டால் நகரங்களும் போலீஸ் சங்கங்களும் சேர்ந்து அந்த முன்மொழிவின் மீது இன்னும் பலமாகப் பாய்ந்திருக்கும். வெற்றிக்காகக் கொடுத்த விலை அது. அந்த விலையைத்தான் இன்றுவரை தவணையில் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்: மாநிலத்தின் நகரங்களிலும் கவுண்டிகளிலும் பாதிக்கு மேல் கஞ்சாக் கடைக்கு இடமே கொடுக்கவில்லை. 64-க்கு ஆதரவாக வாக்களித்த ஊர்களும் அவற்றில் உண்டு. கஞ்சா குற்றமாக இருக்கக் கூடாது என்று நினைப்பவர், அது தன் தெருமுனையில் விற்கப்பட வேண்டும் என்று நினைக்க வேண்டியதில்லையே.

ஊர்களின் கையில் இருந்த ஆயுதம் புதிதல்ல. நிலத்தை வீடு, கடை, ஆலை என்று மண்டலம் பிரித்து, எங்கே எது வரலாம் என்று விதிக்கும் ஜோனிங் அதிகாரத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1926-லேயே, ஒஹையோ மாநிலத்தின் யூக்ளிட் என்ற ஊர் சம்பந்தப்பட்ட வழக்கில், ஒப்புக்கொண்டுவிட்டது. கஞ்சாவுக்கும் அது செல்லுமா என்ற கேள்வி ரிவர்சைடு நகரத்திலிருந்து எழுந்தது. அந்த நகரம் தன் ஜோனிங் விதிகளில் மருத்துவக் கஞ்சாக் கடையைத் தடைசெய்த பயன்பாடாகவும் பொதுத் தொல்லையாகவும் அறிவித்திருந்தது. மாநிலம் அனுமதித்ததை ஊர் எப்படித் தடுக்கலாம் என்று கடைத்தரப்பு வாதாடியது. 2013 மே மாதம் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் ஏகமனதாகச் சொன்ன தீர்ப்பின் சாரம்: நோயாளியையும் உதவுபவரையும் குற்ற வழக்கிலிருந்து காப்பதோடு மாநிலச் சட்டம் நின்றுவிடுகிறது, கடைக்கு இடம் கொடு என்று எந்த ஊரையும் அது கட்டாயப்படுத்தவில்லை.

அதன் பிறகு நடந்த ஒரு வேடிக்கையைச் சொல்லியாக வேண்டும். 2015-ல் மருத்துவக் கஞ்சாவை ஒழுங்குபடுத்த மாநிலம் நிறைவேற்றிய சட்டத்தில், 2016 மார்ச் 1-க்குள் சாகுபடிக்கு விதி வகுக்காத ஊர்களில் அந்த அதிகாரம் மாநிலத்துக்குப் போய்விடும் என்றொரு வரி தவறுதலாக உள்ளே தங்கிவிட்டது. நகர வக்கீல்கள் பதறிப்போய்ச் சொன்ன யோசனை எளிமையானது: யோசிக்க நேரமில்லை, முதலில் தடை போடுங்கள். ஊர் ஊராகத் தடைத் தீர்மானங்கள் நிறைவேறின. பிப்ரவரியில் ஆளுநர் ஜெர்ரி பிரவுன் திருத்தத்தில் கையெழுத்திட்டு அந்த வரியை நீக்கினார். வரி போய்விட்டது. தடைகளில் பல அப்படியே தங்கிவிட்டன.

எத்தனை அடி தள்ளி?

தடை போடாத ஊர்களில் சண்டை அளவுநாடாவைச் சுற்றி நடக்கிறது. மாநிலச் சட்டப்படி பள்ளி, குழந்தைகள் காப்பகம், இளையோர் மையம் ஆகியவற்றிலிருந்து 600 அடி தள்ளியிருக்க வேண்டும். அதைக் கூட்டவோ குறைக்கவோ ஊருக்கு உரிமை உண்டு. லாஸ் ஏஞ்சலஸ் 700 அடி என்கிறது. பட்டியலில் பூங்காவையும் நூலகத்தையும் சேர்த்துக்கொண்டது. கொலராடோ மாநிலத்தின் டென்வரில் பள்ளிக்கு 1,000 அடி.

இந்த ஆயிரம் என்ற எண் தண்டனைச் சட்டத்திலிருந்து வந்தது. பள்ளியிலிருந்து ஆயிரம் அடிக்குள் போதைப்பொருள் விற்றால் இரட்டிப்புத் தண்டனை என்று 1984-ல் அமெரிக்க மத்திய அரசு சட்டம் போட்டது. மாநிலங்கள் கஞ்சாவை அனுமதிக்கத் தொடங்கியபோது, மத்திய அரசு வக்கீல்கள் அந்த எண்ணைத்தான் கையில் எடுத்தார்கள். 2012-ல் கொலராடோவில் பள்ளிக்கு ஆயிரம் அடிக்குள் இருந்த கடைகளுக்கு மூடச் சொல்லிக் கடிதம் பறந்தது. குற்றத்துக்குப் போட்ட அளவு, உரிமத்துக்கான அளவாக மாறியது. அறுநூறு அடியில் கெடும் பிள்ளை எழுநூறு அடியில் கெடாது என்று யாரும் நிரூபித்ததில்லை.

அளப்பது எப்படி என்பதிலும் கோடிகள் புரளும். கலிஃபோர்னியாச் சட்டம் பள்ளியின் வேலியிலிருந்து கடை இருக்கும் மனையின் எல்லை வரை நேர்கோடு போடுகிறது. வாஷிங்டன் மாநிலம் முதலில் நடைபாதை வழியாக அளக்கலாம் என்றிருந்து, மத்திய அரசு முகம் சுளித்ததும் நேர்கோட்டுக்கு மாறியது. சான் டியாகோவின் நிலம் வெட்டுப் பள்ளத்தாக்குகள் நிறைந்தது. அங்கே நகர விதி நடுவில் பள்ளத்தாக்கோ அதிவேக நெடுஞ்சாலையோ குறுக்கிட்டால் அதைச் சுற்றிப் போகும் தூரத்தைக் கணக்கில் எடுக்கிறது. வரைபடத்தில் பள்ளிக்கு எதிரே தெரியும் கட்டடம் விதிப்படி எட்டத்தில் இருக்கலாம். அதே சான் டியாகோ 2014-ல் ஒரு கவுன்சில் வட்டத்துக்கு நான்கு கடை என்று வரம்பு கட்டியது. ஒன்பது வட்டம், அதிகபட்சம் முப்பத்தாறு. இப்படி மண்டலம் பிரித்தால் போக்குவரத்து நெரிசல் எங்கே கூடும் என்று ஆராய்ந்தீர்களா என்று நோயாளிகள் சங்கம் ஒன்று வழக்குப் போட்டது. 2019-ல் மாநில உச்ச நீதிமன்றம் அந்தக் கேள்வியை நியாயம் என்றது.

தமிழ்நாட்டு வாசகருக்கு இது அந்நியமான சண்டை இல்லை. மதுக்கடைக்கு மாநகராட்சி, நகராட்சிகளில் பள்ளியிலிருந்தும் கோயிலிலிருந்தும் 50 மீட்டர், மற்ற இடங்களில் 100 மீட்டர் என்பது நம் 2003 விதி. திட்ட அதிகாரிகள் வணிகப் பகுதி என்று குறித்த இடத்தில் அந்தத் தூரம் பொருந்தாது என்ற விலக்கும் அதிலேயே உண்டு. வரைபடத்தின் நிறம் அளவுநாடாவை வெல்லும் வித்தையை நாமும் அறிவோம்.

பச்சை மண்டலத்தில் வாடகை

பள்ளியைச் சுற்றி ஒரு வட்டம், பூங்காவைச் சுற்றி ஒரு வட்டம், நூலகம், காப்பகம், மறுவாழ்வு மையம், ஏற்கெனவே இருக்கும் கஞ்சாக் கடை. எல்லா வட்டங்களையும் கழித்துவிட்டு, குடியிருப்பு மண்டலத்தையும் கழித்தால் நகரத்தில் மிஞ்சுவது அங்கங்கே சில துண்டு நிலம். தொழிலில் இருப்பவர்கள் அதைப் பச்சை மண்டலம் என்கிறார்கள். அந்தத் துண்டுக்குள்ளும் கட்டட உரிமையாளர்களில் பலர் கஞ்சா என்றதும் பின்வாங்கிவிடுவார்கள். மத்திய அரசின் பார்வையில் அது இன்னும் குற்றம், கட்டடக் கடன் கொடுத்த வங்கி என்ன சொல்லுமோ என்ற பயம். மிச்சமிருக்கும் உரிமையாளர் கேட்டதுதான் வாடகை.

லாஸ் ஏஞ்சலஸ் இதை மிக மோசமாகக் கையாண்டது. 2007-ல் புதிய கடைகளுக்கு இடைக்காலத் தடை போட்ட நகரம், கஷ்டத்தைக் காட்டி விலக்குக் கேட்கலாம் என்று ஒரு சந்து விட்டது. மனுவைப் போட்டுவிட்டு, பதில் வருவதற்குள் நூற்றுக்கணக்கானவர்கள் கடை திறந்துவிட்டார்கள். 2010-ல் எழுபது கடைக்கு வரம்பு என்றார்கள். 2012 ஜூலையில் எல்லாவற்றுக்கும் தடை என்றார்கள். மக்கள் கையெழுத்து வேட்டை நடத்தவே அக்டோபரில் தடையை வாபஸ் வாங்கினார்கள். 2013-ல் வாக்கெடுப்பு வைத்து, 2007 செப்டம்பருக்கு முன்பிருந்த கடைகளை மட்டும் கண்டுகொள்ளாமல் விடுவது என்று முடிவானது. ஆறு வருடம் ஒரு நகர மன்றம் தன் வரைபடத்தோடு மல்லுக்கட்டிய கதை இது.

பிறகு வந்த சமூக நீதித் திட்டம் இன்னும் கசப்பானது. கஞ்சா வழக்குகளால் அதிகம் பாதிக்கப்பட்ட பகுதிகளின் மக்களுக்கு உரிமத்தில் முன்னுரிமை என்பது நல்ல எண்ணம்தான். ஆனால் 2019-ல் விண்ணப்பிக்கும்போதே விதிக்குப் பொருந்தும் கட்டடத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்றார்கள். பச்சை மண்டலத்தில் கட்டடம் பிடித்தவர்கள், உரிமம் வரும் வரை ஷட்டர் இறங்கிய கடைக்கு மாதாமாதம் வாடகை கட்டினார்கள். சேமிப்பு கரைந்தது. பணம் போட வந்த கூட்டாளி மெல்ல முதலாளி ஆனார்.

ஓக்லண்ட் இதே வரைபட ஆயுதத்தைத் திருப்பிப் பிடித்தது. 2017-ல் தொடங்கிய அதன் திட்டத்தில், கஞ்சாக் கைதுகள் குவிந்த போலீஸ் ரோந்துப் பகுதிகளைப் பட்டியலிட்டு, அங்கே நீண்டகாலம் வாழ்ந்த குறைந்த வருமானக்காரர்களுக்கு ஆரம்பகட்ட உரிமங்களில் பாதியை ஒதுக்கினார்கள். போலீஸ் யாரை எங்கே பிடித்தது என்ற கணக்கு, உரிமம் யாருக்கு என்ற கணக்காக மாறியது. முதல் போட விழிபிதுங்கும் சிக்கல் அங்கும் தீரவில்லை. ஆனாலும் மண்டலக் கோட்டை வைத்து யாரையாவது உள்ளே கொண்டுவர முடியும் என்று ஒரு நகரமாவது யோசித்ததே.

டென்வரில் சாகுபடிக்குக் கிடைத்த மண்டலம் பழைய கிடங்குப் பகுதி. அதையொட்டி இருப்பவை குளோப்வில், எலிரியா ஸ்வான்சியா போன்ற ஏழைத் தொழிலாளர் குடியிருப்புகள்; ஏற்கெனவே நெடுஞ்சாலையும் ஆலைப் புகையும் நடுவே ஓடும் பேட்டைகள். வசதியானவர்களின் தெருவில் வரக்கூடாது என்று தள்ளப்படும் எதுவும் கடைசியில் இப்படிப்பட்ட இடத்தில்தான் வந்து இறங்கும். மண்டல விதியில் ‘ஏழைகள் பகுதி’ என்று எங்கும் எழுதியிருக்காது. தொழிற்பேட்டை என்று எழுதியிருக்கும்.

பாலைவனத்தில் ஒரு கோடு

கோடு போடும் கைக்கு மதிப்பு வந்துவிட்டால் அந்தக் கையைத் தேடிப் பணம் வரும். மொஹாவி பாலைவனத்தில் அடெலான்டோ என்ற ஊர். கஜானா காலி, சிறைச்சாலைகளை விட்டால் தொழில் என்று பெரிதாக எதுவுமில்லை. 2015-ல் தொழிற்பேட்டை மண்டலத்தில் கஞ்சா சாகுபடிக்கு அனுமதி கொடுத்தது. நேற்றுவரை சீந்துவாரில்லாத மணல்வெளி ஒரே இரவில் தங்கமானது. கோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கும் ஏக்கருக்கு ஒரு விலை, அந்தப் பக்கம் இருக்கும் ஏக்கருக்கு வேறு விலை. கோட்டைச் சற்று நகர்த்தினால் போதும், ஒருவர் கோடீஸ்வரர். கஞ்சாத் தொழில்காரர் வேடத்தில் வந்த எஃப்.பி.ஐ. ஆளிடம் பத்தாயிரம் டாலர் லஞ்சம் வாங்கிய கவுன்சிலர் 2017-ல் கைதாகி, 2022-ல் குற்றவாளி என்று தீர்ப்பானது. முன்னாள் மேயரும் 2021-ல் லஞ்சக் குற்றச்சாட்டில் கைதானார். பெரிய நகரங்களைப் போல இங்கே நிருபர்கள் மொய்ப்பதில்லை. ஐந்து பேர் கொண்ட மன்றத்தில் மூன்று கை உயர்ந்தால் தீர்மானம் நிறைவேறும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஊருக்கு இந்த அதிகாரமே கூடாது என்று என்னால் சொல்ல முடியவில்லை. நாற்றம், லாரி நெரிசல், பக்கத்துத் தோப்புக்கு வரும் பாதிப்பு இவையெல்லாம் மாநிலத் தலைநகர் சாக்ரமென்டோவில் உட்கார்ந்து தீர்க்க முடியாத விஷயங்கள். மண்டல விதி பிறந்ததே இதற்குத்தான். எனக்கு ஒவ்வாதது, கஞ்சா நல்லதா கெட்டதா என்று வாக்குப்பெட்டியில் தோற்ற வாதத்தை அடிக்கணக்கில் திரும்பக் கொண்டுவருவது. தடை போட்ட ஊரில் கஞ்சா புகைப்பவர் குறைந்துவிடுவதில்லை. அவர் பக்கத்து ஊருக்குக் காரோட்டுகிறார், அல்லது உரிமமும் வரியும் சோதனையும் இல்லாத ஆளிடம் வாங்குகிறார். மாநிலத்தின் 15 சதவீதத் தனி வரி, அதற்குமேல் விற்பனை வரி, அதற்கும்மேல் லாஸ் ஏஞ்சலஸ் போன்ற நகரங்களின் 10 சதவீதம் என்று கட்டிவிட்டு விற்கும் கடைக்குக் கள்ளச்சந்தையோடு போட்டி போடுவது ஏற்கெனவே கஷ்டம். கடையே இல்லாத ஊரில் போட்டி என்ற பேச்சுக்கே இடமில்லை.

டெலிவரி வண்டி வந்ததும் கோடுகள் இன்னும் குழம்பின. எந்த ஊருக்கும் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று 2019-ல் மாநிலத்தின் கஞ்சா ஒழுங்குமுறை அமைப்பு விதி போட்டது. சான்டா க்ரூஸ் கவுண்டி தலைமையில் இருபத்தைந்து உள்ளாட்சிகள் கோர்ட்டுக்குப் போயின. 2022-ல் மாநிலம் ஒரு சட்டத்தின் வழியே கொஞ்சம் எல்லையை மாற்றியது: மருத்துவக் கஞ்சாவை நோயாளியின் வீட்டுக்குக் கொண்டுபோவதை 2024 முதல் எந்த ஊரும் தடுக்கக் கூடாது.

ஒரு மைல் தூரம்

கொலராடோவில் பைக்ஸ் பீக் மலையடிவாரத்தில் அடுத்தடுத்து இரண்டு ஊர்கள். கொலராடோ ஸ்பிரிங்ஸ் பெரிய நகரம், ராணுவத் தளங்கள் சூழ்ந்தது. 2012-ல் மாநிலம் கஞ்சாவை அனுமதித்தபோது, பொழுதுபோக்குக் கஞ்சா தன் எல்லைக்குள் கூடாது என்று அது ஒதுங்கிக்கொண்டது. மருத்துவக் கடைகள் மட்டும் இருந்தன. அதை ஒட்டிய மானிட்டூ ஸ்பிரிங்ஸ் சுமார் ஐந்தாயிரம் பேர் வாழும் சுற்றுலா ஊர். இரண்டே கடைக்கு அனுமதி கொடுத்தது. பத்து வருடம் பெரிய ஊரின் வாடிக்கையாளர்கள் சின்ன ஊருக்கு வண்டி கட்டினார்கள், வரிப்பணமும் கூடவே போனது.

2024-ல் கொலராடோ ஸ்பிரிங்ஸில் இந்தக் கேள்வி மறுபடி வாக்கெடுப்புக்கு வரவிருந்தது. வாக்கெடுப்புக்குச் சில வாரம் முன்னால் நகர மன்றம் முந்திக்கொண்டு ஒரு விதி போட்டது: பொழுதுபோக்குக் கஞ்சாக் கடை பள்ளியிலிருந்தும் காப்பகத்திலிருந்தும் ஒரு மைல் தள்ளியிருக்க வேண்டும். ஐயாயிரத்து இருநூற்றெண்பது அடி. பள்ளிகள் தெருவுக்குத் தெரு இருக்கும் நகரத்தில் இதற்கு என்ன அர்த்தம் என்று வரைபடத்தை எடுத்துப் பார்த்தவர்களுக்குப் புரிந்தது. தடை என்ற சொல்லே இல்லாத தடை.

நவம்பரில் மக்கள் அனுமதிக்கு வாக்களித்தார்கள். ஆயிரம் அடி போதும் என்பது அந்த வாக்குச் சீட்டிலேயே எழுதப்பட்டிருந்தது. ஏப்ரல் தேர்தலில் இன்னொரு தடவை கேட்கலாம் என்று மன்றம் கிளம்பியது. நீதிமன்றம் தடுத்தது. 2025 ஏப்ரலில் விற்பனை ஆரம்பித்தது, ஏற்கெனவே மருத்துவ உரிமம் வைத்திருந்த கடைகளில் மட்டும். புதிதாக ஒருவர் வந்து கடை வைக்க அந்த வாக்குச் சீட்டில் இடமில்லை. அதை எழுதி வாக்கெடுப்புக்குக் கொண்டுவந்த பிரசாரத்தின் பின்னால் நின்றவர்கள் அந்த மருத்துவக் கடைக்காரர்கள்தான்.